கணக்கில் இருக்கிறது, ரேக்கில் இல்லை

குடோன் வேலையில் இருப்பவர்கள் தினம் ஒருமுறையாவது கேட்கும் வாக்கியம் இது: "சிஸ்டத்துல இருக்கு சார், ரேக்ல இல்ல." அடுத்து நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒருவர் பக்கத்து ரேக்கில் தேடுவார், இன்னொருவர் மேல் அடுக்கில் ஏறிப் பார்ப்பார், பில் போடும் இடத்திலிருந்து போன் மேல் போன் வரும். கடைசியில் யாராவது கம்ப்யூட்டரில் எண்ணைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடைசிக் காரியம்தான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. எண்ணைத் திருத்தியதும், தவறு எங்கே நடந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது.

நான் பைப் ஃபிட்டிங், வால்வு, கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் வளையம்), போல்ட், நட்டு வகையறா அடுக்கியிருக்கும் குடோனில் இருப்புக் கணக்கைப் பார்க்கிறவன். ஆயிரக்கணக்கான ஐட்டம், அதில் பாதி, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எப்போது ஆர்டர் போடுவது, எவ்வளவு வாங்குவது, எதை எங்கே அடுக்குவது என்று சரக்கு நிர்வாகத்தைப் பற்றி எழுதப்படுபவை ஏராளம். ஆனால் அவை எல்லாமே கணக்கில் உள்ள எண் உண்மையானது என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கின்றன. அந்த எண் உண்மையாக இருப்பதற்குத்தான் முக்கால்வாசி உழைப்பு போகிறது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

இது சின்ன நிறுவனங்களின் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 இருப்புப் பதிவுகளை நேரடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 65 சதவீதப் பதிவுகள் பொருந்தவில்லை. 2008இல் வெளியான ஆய்வு அது. கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் முறையான கணக்கெடுப்பும் உள்ள நிறுவனத்திலேயே மூன்றில் இரண்டு பதிவு தப்பு. நம் குடோனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் கடைசியாக எப்போது எண்ணிப் பார்த்தார் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கணக்கில் குறைவாகவும் ரேக்கில் அதிகமாகவும் இருந்தால் என்ன ஆகும்? இருப்பதையே மறுபடி வாங்குவோம். பணம் முடங்கும், இடம் அடையும், ஆனாலும் வியாபாரம் நிற்காது. கணக்கில் அதிகமாகவும் ரேக்கில் குறைவாகவும் இருப்பதுதான் ஆளைக் கவிழ்ப்பது. அதுவும் ஒரு குறிப்பிட்ட நிலை இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முக்கால் இஞ்ச் பித்தளை பால் வால்வு என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 6 இருக்கிறது. ரேக்கில் உண்மையில் ஒன்றுகூட இல்லை. 4க்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்று சிஸ்டத்தில் வைத்திருக்கிறோம். 6 இருப்பதாகக் காட்டுவதால் ஆர்டர் போகாது. சரக்கு இல்லாததால் விற்பனை ஆகாது. விற்பனை ஆகாததால் 6 என்பது 6 ஆகவே நிற்கும். இப்படியே மாதக்கணக்கில் ஓடும். வந்து கேட்டவர்கள் இல்லை என்றதும் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. வருடக் கடைசியில் ஓடாத சரக்குப் பட்டியல் எடுக்கும்போது இந்த வால்வு அதில் முதல் வரிசையில் வந்து நிற்கும். "இது போகறதில்ல, இனிமே வாங்க வேண்டாம்" என்று யாராவது முடிவும் எடுத்துவிடுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருள் வெறும் ஆறு உருப்படி பிசகியதால் செத்துப்போகிறது.

அதனால் எங்கள் குடோனில் ஒரு வழக்கம். வழக்கமாக ஓடுகிற ஐட்டம் எதுவும் திடீரென்று அசையாமல் நின்றால், கணக்கில் இருப்பு காட்டினாலும் சரி, முதல் வேலையாக ஒருவர் ரேக்குக்குப் போய்க் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். விற்பனை நின்றதற்குச் சந்தையில் காரணம் தேடுவது அதற்கு அப்புறம்தான்.

சரி, தவறு எங்கே நுழைகிறது? திருட்டு என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இருக்கலாம். ஆனால் நான் துருவிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வாசலிலேயே, அதாவது சரக்கு இறக்கும் இடத்திலேயே நடந்திருந்தன.

லாரி வந்து நிற்கிறது. பின்னால் இன்னொரு லாரி ஹார்ன் அடிக்கிறது. சரக்கோடு வரும் சீட்டில், அதாவது சலானில், 40 பெட்டி என்று போட்டிருக்கிறது. இறக்குபவர் சலானைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினால், 40 என்ற எண் ஏற்கெனவே மனதில் உட்கார்ந்திருக்கும். 39 இருந்தாலும் கண் 40 என்றே முடித்துக்கொள்ளும். இதற்கு மருந்து மிக எளிது. எண்ணுபவர் கையில் சலானைக் கொடுக்காதீர்கள். வெறும் தாளைக் கொடுத்து, இறங்கியதை எண்ணி எழுதித் தரச் சொல்லுங்கள். சலானோடு ஒப்பிடுவது இன்னொருவர் வேலை. இரண்டு எண்ணும் பொருந்தினால் கையெழுத்து; பொருந்தாவிட்டால் டிரைவர் நிற்கும்போதே மறுபடி எண்ணிக்கை. லாரி போன பிறகு கண்டுபிடித்த குறைவை சப்ளையரிடம் நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

பெட்டியை எண்ணினால் மட்டும் போதாது. பெட்டிக்குள் எத்தனை என்பதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு சப்ளையரிடமிருந்து எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு ஃபிட்டிங்) எப்போதும் பெட்டிக்கு 25 என்றுதான் வரும். ஒருநாள் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, வருடக்கணக்காகச் சுமை இறக்கும் பெரியவர் ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டு மறுபடி கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். "தம்பி, பெட்டி இளைச்சிருக்குப்பா" என்றார். அதே நிறம், அதே அளவு, அதே அச்சு. பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளில் மட்டும் 25 இருந்த இடத்தில் 20. பேக்கிங்கை மாற்றியிருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. சலானில் உருப்படி எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சிஸ்டத்தில் பெட்டி எண்ணிக்கையைப் போட்டால் அது தானாக 25ஆல் பெருக்கிக்கொள்ளும். அவர் கை சொல்லாமல் போயிருந்தால், ஒவ்வொரு பெட்டிக்கும் 5 உருப்படி காற்றிலிருந்து கணக்கில் ஏறியிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு லோடிலும் ஒவ்வொரு ஐட்டத்திலும் ஒரு பெட்டியையாவது பிரித்து எண்ணுவது, லேபிளில் உள்ள பேக்கிங் அளவைச் சத்தமாகப் படித்துச் சொல்வது இரண்டும் கட்டாயம். அந்தப் பெரியவரை இறக்கும் இடத்திலேயே சரிபார்க்கும் வேலைக்கும் சேர்த்து வைத்துக்கொண்டோம். அனுபவமுள்ள கைகளைச் சுமைக்கு மட்டும் பயன்படுத்துவது பெரிய வீண் என்பது என் எண்ணம்.

வாஷர், நட்டு போன்ற பொடி ஐட்டங்களை யாரும் எண்ண மாட்டார்கள். எடை போட்டுத்தான் கணக்கு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பத்து வாஷரை எடை போட்டு, அதை வைத்து 2000 வாஷர் உள்ள பையைக் கணக்கிட்டால், அந்தப் பத்தில் இருந்த சின்னப் பிசகு 200 மடங்காகிவிடும். மாதிரிக்கு நூறையாவது எடுத்து எண்ணி எடை போடுங்கள். லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, மாறினால் மாதிரியையும் மாற்றுங்கள்; ஒரே அளவு வாஷர்தான் என்றாலும் தகட்டின் கனம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். பையின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பார்கோடு வைத்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பார்கோடு ஒரு மகத்தான விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் இருவரும் 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை வாங்கினார்கள்; கடைச் சரக்கில் இன்றைய வடிவத்தில் அது முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் மேல். இந்த வகைப் பார்கோடின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் போடப்படுவதால், ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டினாலும் மெஷின் பிடித்துவிடும். ஆனால் பார்கோடு சொல்வது இது என்ன பொருள் என்பதை மட்டும்தான். எத்தனை என்பதை மனிதர்தான் சொல்கிறார். மூன்று அளவு கேஸ்கெட் கலந்து பத்து உருப்படி போகும்போது, அவசரத்தில் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து 10 என்று தட்டினால், ஒரே அடியில் மூன்று ஐட்டத்தின் கணக்கும் கெட்டுவிடும். மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும், அதனால் யாருக்கும் தெரியவும் வராது. கணக்கெடுப்பில் ஒரு அளவில் 7 அதிகம், பக்கத்து இரண்டு அளவுகளில் சேர்ந்து 7 குறைவு என்று வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஒற்றை ஸ்கேனைத்தான்.

அடுத்தது விலாசம். குடோனில் ஒவ்வொரு பின்னுக்கும் (bin, ரேக்கில் சரக்கு வைக்கும் தனி இடம்) ஒரு விலாசம் வேண்டும்: வரிசை, ரேக், தட்டு, இடம். "சி-07-3-2" என்றால் சி வரிசை, ஏழாவது ரேக், கீழிருந்து மூன்றாவது தட்டு, இடமிருந்து இரண்டாவது பின். புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாளே யாரையும் கேட்காமல் போய் எடுத்து வர முடிய வேண்டும். "அது அந்த ஜன்னல் பக்கம் இருக்கும்ணே" என்ற பதில் வருகிற குடோனில், பதில் சொன்னவர் லீவு போட்டால் வியாபாரமும் லீவுதான்.

ஒரு பின்னில் ஒரு ஐட்டம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றுபோல் இருக்கும் அளவுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். முக்கால் இஞ்ச் எல்போவுக்கு அடுத்து ஒரு இஞ்ச் எல்போ என்று அளவு வரிசையில் அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கை தவறினால் விழுவது பக்கத்து அளவில்தான். நடுவில் வேறு வகைச் சரக்கை வைத்தால், தப்பான பின்னுக்குக் கை போன உடனே பொருளே வேறாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு ஏற்பாடு, செலவே இல்லாதது. பெரிய குடோன்களில் காதில் மாட்டிய கருவி சொல்லச் சொல்லச் சரக்கு எடுப்பார்கள். அங்கே ஒவ்வொரு பின்னிலும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதியிருக்கும். எடுப்பவர் அந்த எண்ணைப் படித்துச் சொன்னால்தான், சரியான இடத்தில் நிற்கிறார் என்று கருவி ஒப்புக்கொள்ளும். கருவி இல்லாமலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு பின்னிலும் விலாசத்தோடு தொடர்பில்லாத ஏதோ ஓர் இரண்டு இலக்க எண்ணை எழுதி ஒட்டுங்கள். சரக்கு எடுக்கும் சீட்டில் அந்த எண்ணுக்கு ஒரு காலிக் கட்டம் விடுங்கள். எடுப்பவர் பின்னைப் பார்த்துத்தான் அதை நிரப்ப முடியும். பேக்கிங் மேஜையில் இருப்பவர் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் போதும், தப்பு இடத்திலிருந்து எடுத்தது அங்கேயே பிடிபடும். சில மாதத்துக்கு ஒருமுறை எண்களை மாற்றிவிடுங்கள், மனப்பாடமாகிவிடும்.

எந்தச் சரக்குக்கு எந்த இடம் என்பதில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. சரக்கு எடுப்பவரின் நேரத்தில் பெரும்பகுதி நடையிலேயே போகிறது. அதனால் அதிகம் ஓடுவதை அனுப்பும் வாசலுக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். கனமானது கீழே. ரப்பர் கேஸ்கெட், ஓ ரிங் வகைகளை வெயில் படும் இடத்திலும், மோட்டார், பேட்டரி சார்ஜர் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மின்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது இரும்புக்குப் பொருந்தும். ரப்பருக்கும் பசைக்கும் முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, பின்னால் வந்த லாட்டுக்கு முன்னால் வந்ததைவிடக் குறைந்த ஆயுள் இருக்கலாம்.

இப்போது எண்ணும் வேலைக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை குடோனை மூடி, எல்லோரையும் கூப்பிட்டு, ராத்திரி வரை எண்ணுவது கணக்கு ஆடிட்டருக்கு உதவும். குடோனுக்கு உதவாது. களைத்துப்போன ஆட்கள் எண்ணும் எண்ணில் புதுத் தப்புகள் சேரும். அதைவிட முக்கியம், ஒரு வித்தியாசம் தெரியவரும்போது அது பத்து மாதத்துக்கு முன் நடந்ததா நேற்று நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் தெரியாத வித்தியாசத்தைத் திருத்தினால், அடுத்த வருடமும் அதே வித்தியாசம் வந்து நிற்கும்.

தினமும் கொஞ்சம் எண்ணுவதுதான் சரியான வழி. காலையில் முதல் லோடு வருவதற்கு முன்னால், ஒரு சில பின்கள். பண மதிப்பில் பெரியவற்றை அடிக்கடி, நடுத்தரத்தை அவ்வப்போது, சில்லறையை எப்போதாவது எண்ண வேண்டும் என்று ஏ, பி, சி எனப் பிரிக்கும் முறை ரொம்பப் பழையது. 1951இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ஹெச். ஃபோர்டு டிக்கி அதை எழுதினார். நல்ல முறைதான், ஆனால் பணத்தை மட்டும் அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிளாஞ்ச் வால்வு ஏ வகுப்பில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், அதற்குப் போட வேண்டிய கேஸ்கெட் சி வகுப்பில் கிடக்கும். கேஸ்கெட் இல்லை என்றால் அந்த வால்வும் போகாது, போல்ட் செட்டும் போகாது, மொத்த ஆர்டரும் நிற்கும். அதனால் எது இல்லாவிட்டால் மற்றவையும் நின்றுபோகுமோ, அதை விலை பார்க்காமல் ஏ வகுப்பில் போடுங்கள்.

எண்ணுவதற்கு மிகச் சுலபமான நேரம் ஒன்று இருக்கிறது: பின் காலியாகும் நேரம். பூஜ்யத்தை எண்ணக் கஷ்டமே இல்லை. சரக்கு எடுப்பவர் கடைசி உருப்படியை எடுத்ததும் சீட்டில் ஒரு டிக் போட்டால், கணக்கிலும் பூஜ்யம் காட்டுகிறதா என்று அன்றே பார்த்துவிடலாம். நான் மேலே சொன்ன பால் வால்வு கதை இந்த ஒரு டிக்கிலேயே முடிந்துபோகும். அதேபோல் சிஸ்டத்தில் எங்காவது மைனஸ் இருப்பு காட்டினால் அதை அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். இல்லாத சரக்கு வெளியே போக முடியாது; எனவே எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது அல்லது தப்பாக விழுந்திருக்கிறது.

வித்தியாசம் வந்தால் திருத்துவதற்கு முன் மூன்று இடம் பாருங்கள். சரக்கு வந்து இன்னும் என்ட்ரி போடாத சலான்கள், பில் போட்டு இன்னும் வெளியே போகாமல் டிஸ்பாட்ச் பகுதியில் நிற்பவை, கடைசியாக எண்ணியதற்கு அப்புறம் அந்த ஐட்டத்தில் நடந்த நடமாட்டம் முழுவதும். தினமும் எண்ணுவதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது: பார்க்க வேண்டிய நடமாட்டம் சில வரிகள்தான் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் எண்ணைத் திருத்துங்கள். அந்த நோட்டை மாதம் ஒருமுறை புரட்டினால், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். எங்கள் நோட்டில் அடிக்கடி வந்தது சாம்பிளுக்கு எடுத்துப் போனது. விற்பனை ஆட்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட ஒன்றிரண்டு எடுத்துப்போவார்கள், சீட்டு இருக்காது. யாரையும் திட்டாமல், கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பிள் ரெஜிஸ்டரும் பேனாவும் கயிறு போட்டுக் கட்டி வைத்தோம். பாதிக்கு மேல் குறைந்தது.

எந்த முறையும் இல்லாத குடோனில் இதை ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் எண்ணக் கிளம்பாதீர்கள். எல்லா வகையும் கலந்து ஒரு சிறு தொகுதி ஐட்டங்களை எடுத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப எண்ணுங்கள். நேற்று சரியாக இருந்தது இன்று பிசகினால், காரணம் இந்த ஒரு நாளுக்குள் இருக்கிறது, பிடித்துவிடலாம். அந்தத் தொகுதியில் பிசகே வராத நிலை வந்த பிறகு மற்றவற்றுக்குப் பரவுங்கள்.

எண் உண்மையானால்தான் சூத்திரங்களுக்கு வேலை. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கான கணக்கை ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் 1913லேயே எழுதிவிட்டார்: வருடத் தேவையையும் ஒருமுறை ஆர்டர் போடும் செலவையும் பெருக்கி, அதை இரட்டித்து, ஓர் உருப்படியை ஒரு வருடம் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதில் கடைக்காரருக்கு உபயோகமான செய்தி இரண்டு. ஒன்று, விற்பனை நாலு மடங்கானால் ஆர்டர் அளவு இரண்டு மடங்கானால் போதும். இரண்டு, சூத்திரம் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு வாங்கினாலும் இந்தச் செலவுகள் சுமார் 8 சதவீதம்தான் கூடும். ஆகவே 87 என்று வந்ததை முழுப் பெட்டி, முழு பேலட் (பெட்டிகளை அடுக்கித் தூக்கும் பலகை) கணக்குக்குத் தயங்காமல் நகர்த்தலாம்.

ஆனால் எப்போது ஆர்டர் போடுவது என்பதில் அந்தத் தாராளம் கூடாது. ஓர் ஐட்டம் நாளைக்கு சராசரி 12 போகிறது, சப்ளையர் அனுப்ப 10 நாள் ஆகிறது என்றால், 120க்கு வரும்போது ஆர்டர் போட வேண்டும் என்று நேர்க் கணக்கு சொல்லும். தினசரி விற்பனையில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. அதன் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 4 என்று வையுங்கள். இருபது தடவையில் பத்தொன்பது தடவை தட்டுப்பாடு வராமல் இருக்க வேண்டுமானால், அதற்குப் புள்ளியியல் தரும் எண்ணான 1.65ஐ 4ஆல் பெருக்கி, பத்தின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 21 வரும். அந்த 21ஐக் காப்பு இருப்பாகச் சேர்த்து 141இல் ஆர்டர் போடலாம். பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். சப்ளையரின் 10 நாளும் சராசரிதானே? சில சமயம் 7, சில சமயம் 14 என்று வந்து, அதன் விலக்கம் 3 நாள் என்றால், காப்பு இருப்பு 21 போதாது; 63 வேண்டும். மூன்று மடங்கு. விற்பனை துளியும் மாறவில்லை, சப்ளையர் சொன்ன நாளில் வராதது மட்டும்தான் காரணம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு சப்ளையர்களோடு நான் பேசும் முறையே மாறிவிட்டது. விலையில் கொஞ்சம் குறைப்பவரைவிட, 12 நாள் ஆனாலும் சரியாக 12ஆம் நாள் அனுப்புபவர் எனக்கு லாபமானவர். ஒவ்வொரு ஆர்டருக்கும் போட்ட தேதி, வந்த தேதி இரண்டையும் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லும் நாள் வேறு, நோட்டில் தெரியும் நாள் வேறாக இருக்கும்.

இடம் போதவில்லை என்ற புலம்பலுக்கும் பெரும்பாலும் காரணம் நேரம்தான். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: ஓர் இடத்தில் சராசரியாகத் தேங்கியிருப்பது, ஒரு நாளைக்கு உள்ளே வருவதையும் ஒவ்வொன்றும் அங்கே நிற்கும் நாட்களையும் பெருக்கினால் வருவது. தினம் 40 பேலட் வந்து, என்ட்ரி போட்டு ரேக்கில் ஏற 2 நாள் ஆனால், இறக்கும் இடத்தில் சராசரியாக 80 பேலட் நிற்கும். அதை அரை நாளாகக் குறைத்தால் 20தான் நிற்கும். சுவரை இடித்துக் குடோனைப் பெரிதாக்கும் யோசனைக்கு முன்னால், என்ட்ரி போடுகிறவருக்கு இன்னொரு கம்ப்யூட்டர் கொடுத்துப் பார்க்கலாம். வந்த சரக்கு ரேக்கில் ஏறாமல் வாசலில் கிடக்கும் அந்த இரண்டு நாளில்தான் "இருக்கு, ஆனா எங்கன்னு தெரியல" என்ற பதிலும் பிறக்கிறது.

கடைசியாகத் திரும்பி வரும் சரக்கு. யாரும் அக்கறை காட்டாத மூலை இது. வாடிக்கையாளர் தப்பான அளவு என்று திருப்பி அனுப்பிய வால்வை, நல்ல மனதோடு யாராவது நேராக அதன் பின்னில் வைத்துவிடுவார். ரேக்கில் ஒன்று கூடிவிட்டது, கணக்கில் இல்லை. அது பழுதான வால்வாக இருந்தால் இன்னும் மோசம், அடுத்த வாடிக்கையாளருக்கே போய்ச் சேரும். எங்கள் குடோனில் திரும்பி வந்ததற்குத் தரையில் சிவப்புக் கோடு போட்ட தனி இடம் இருக்கிறது. கோட்டுக்குள் வந்தது எதுவும் சீட்டு இல்லாமல் வெளியே போகாது; சீட்டில் மூன்றே விடைதான்: ரேக்குக்கு, சப்ளையருக்கு, கழிவுக்கு. சாயங்காலம் கதவைப் பூட்டுவதற்கு முன் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். முடிவெடுக்க முடியாமல் எது மிஞ்சினாலும், அதன் மேல் யார் முடிவெடுக்க வேண்டும் என்ற பெயரும் எந்தத் தேதிக்குள் என்பதும் எழுதி ஒட்டப்படும், மறுநாள் காலை எண்ணிக்கையில் அதுவும் ஒரு பின்னாகச் சேரும்.